கார்டு பில் கட்டியது செலவா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். வீட்டுக் கணக்கை க்னூகேஷ் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் எழுதுபவர்கள் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து விரலைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம், வங்கியும் கார்டு கம்பெனியும் தருகிற ஸ்டேட்மென்ட்டை அப்படியே உள்ளே இழுத்துவிடலாம் என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் இழுத்தும் விட்டார்கள், இழுத்த பிறகு என்ன ஆச்சு என்று புலம்பியும் விட்டார்கள். அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியும் இல்லை, இது மட்டும்தான்.

என் கணவருக்குக் கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். மாதக் கடைசியில் வங்கிக் கோப்பையும் கிரெடிட் கார்டு கோப்பையும் ஏற்றிப் பார்த்தால் செலவு 58,000 என்று காட்டுகிறது. நாங்கள் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. வங்கியில் பணமும் கொஞ்சம் மீதி இருக்கிறது. பிறகு எப்படி இது? வீட்டில் ஒரு சண்டையே நடந்துவிட்டது.
(ஒரு வாசகி, காலடிப்பேட்டை)

சகோதரி, சண்டையை முதலில் நிறுத்துங்கள், யாரும் மறைத்துச் செலவு செய்யவில்லை. நீங்கள் அனுப்பிய தாளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். வாடகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மற்ற சில்லறை எல்லாம் சேர்த்து வங்கியிலிருந்து நேராகப் போனது 24,300. கார்டில் தேய்த்தது 16,850. ஆக உண்மையான செலவு 41,150. சம்பளத்துக்குள்தான் இருக்கிறீர்கள், 850 ரூபாய் மிச்சமும் இருக்கிறது.

58,000 எங்கிருந்து வந்தது என்றால், 28-ஆம் தேதி கார்டு பில் கட்ட வங்கியிலிருந்து 16,850 போயிருக்கிறது அல்லவா, அதையும் நீங்கள் 'செலவு' என்று போட்டுவிட்டீர்கள். மளிகை வாங்கியபோது ஒரு தடவை செலவு, அந்த மளிகைக்கான கார்டு பில்லைக் கட்டியபோது இன்னொரு தடவை செலவு. ஒரே அரிசிக்கு இரண்டு விலை.

கார்டு பில் கட்டுவது செலவே கிடையாது. தெருமுனை அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டுக் கடன் சொல்லி வாங்கியிருக்கிறீர்களா? அரிசி வாங்கின அன்றைக்கே செலவு ஆகிவிட்டது, நோட்டில் கடன் ஏறிவிட்டது. சம்பளம் வந்ததும் அண்ணாச்சியிடம் கொடுப்பது கடனை இறக்க. கார்டும் அதே நோட்டுதான், கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது, வட்டி கொடூரமாக இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

அதனால் மென்பொருளில் கார்டை ஒரு கடன் கணக்காகத் திறக்க வேண்டும். க்னூகேஷில் கணக்கு திறக்கும்போதே 'கிரெடிட் கார்டு' என்று ஒரு வகை இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். கார்டுக் கோப்பில் உள்ள மளிகை, மருந்து, பெட்ரோல் எல்லாம் அந்தந்தச் செலவுக் கணக்குக்குப் போகட்டும். வங்கிக் கோப்பில் வரும் அந்த 16,850 வரிக்கு மட்டும் எதிர்க்கணக்கு, அதாவது பணம் போய்ச் சேர்ந்த மறுபக்கக் கணக்கு, 'கிரெடிட் கார்டு'. செலவுக் கணக்கு எதையும் காட்டாதீர்கள்.

இதோடு முடியவில்லை, இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதில் நானே விழுந்திருக்கிறேன். அதே 16,850 இரண்டு கோப்பிலும் வரும். வங்கிக் கோப்பில் 28-ஆம் தேதி 'பணம் போனது' என்று, கார்டுக் கோப்பில் 29-ஆம் தேதியோ 30-ஆம் தேதியோ 'பணம் கிடைத்தது, நன்றி' என்று. வங்கிக் கோப்பை முதலில் ஏற்றி, எதிர்க்கணக்கைக் கார்டு என்று காட்டிவிட்டால், கார்டுக் கணக்கில் அந்த வரி ஏற்கெனவே உட்கார்ந்துவிடும். அப்புறம் கார்டுக் கோப்பை ஏற்றும்போது மென்பொருள் ஒரு பொருத்தம் பார்க்கும் பட்டியலைக் காட்டும். அதில் அந்த 'நன்றி' வரியைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லக் கூடாது, ஏற்கெனவே இருப்பதோடு பொருந்துகிறது என்றுதான் சொல்ல வேண்டும். தொகை ஒன்றாக இருந்து தேதி ஒரு நாள் இரண்டு நாள் தள்ளியிருந்தால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும், ஆனால் நீங்களும் ஒரு கண் வையுங்கள். தவறவிட்டால் கார்டில் கடனே இல்லாதது போலவும், கம்பெனிக்காரன்தான் உங்களுக்கு 16,850 தர வேண்டும் என்பது போலவும் காட்டும். அன்றைக்கு மட்டும் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

ஏ.டி.எம்.மில் எடுக்கும் பணத்தை எந்தச் செலவில் போடுவது? ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போவதற்கு முந்தின நாளே 3,000 எடுத்துவிடுவேன்.
(ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை)

மேலே சகோதரிக்குச் சொன்னதேதான். இந்த ஜேபியிலிருந்து அந்த ஜேபிக்குப் போன பணம் செலவில்லை. 'கைரொக்கம்' என்று ஒரு கணக்கு திறந்து 3,000-ஐ அதற்கு மாற்றுங்கள். மீன் வாங்கியதும் அதிலிருந்து செலவு எழுதுங்கள். விடிகாலையில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே போனில் கணக்கு எழுத யாராலும் முடியாது, அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பர்ஸில் மீதி எவ்வளவு என்று எண்ணுங்கள், கொண்டுபோன பணத்திலிருந்து அதைக் கழித்தால் மீன் செலவு. ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் தனி வரி வேண்டாம்.

நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன், ஆனாலும் சிக்கிக்கொண்டேன். ஏப்ரல் மாதக் கோப்பை ஏற்றினால் சம்பளம் ஜனவரியில் வந்ததாகக் காட்டுகிறது. வாடகை மே மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. 13-ஆம் தேதிக்கு மேல் ஒரு வரிகூட ஏறவில்லை. இன்னொன்று, யூ.பி.ஐ. எண்கள் எல்லாம் 4.12-ஈ-பிளஸ்-11 என்று ஆகிவிட்டன.
(ஒரு வாசகர், தண்டையார்பேட்டை)

தம்பி, ஐ.டி.க்காரர்தான் இதில் அதிகமாகச் சிக்குவார், ஏனென்றால் அவர் லேப்டாப்பில்தான் தேதி அமெரிக்கப் பாணியில் இருக்கும்.

நடந்தது இதுதான். நம் வங்கி தேதியை நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறது. 01/04/2025 என்றால் ஏப்ரல் முதல் தேதி. உங்கள் கணினி மாதத்தை முதலில் படிக்கிறது, அதற்கு அது ஜனவரி நான்கு. 05/04 மே நான்கு. இப்படியே ஏப்ரல் முதல் பன்னிரண்டு நாளும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை மாதம் ஒன்றுக்கு ஒரு நாலாம் தேதியாகப் போய் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பாருங்கள். 13/04 வந்ததும் பதிமூன்றாம் மாதம் ஏது என்று நின்றுவிட்டது. உண்மையில் அது நின்றது உங்கள் அதிர்ஷ்டம். பன்னிரண்டு தேதிக்குள் எல்லாச் செலவும் முடிந்த மாதமாக இருந்திருந்தால் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியிருக்கும், நீங்கள் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகியிருக்கும்.

குற்றவாளி யார் என்றால், பெரும்பாலும் நடுவில் நீங்கள் திறந்து பார்த்த எக்செல். சி.எஸ்.வி. கோப்பை, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து அட்டவணையை, இரட்டை க்ளிக் செய்து திறந்தால் எக்செல் தனக்குத் தோன்றியபடி தேதியை மாற்றும். பன்னிரண்டு இலக்க யூ.பி.ஐ. எண்ணை ஏதோ பெரிய எண் என்று நினைத்து ஈ போட்டுச் சுருக்கும். சும்மா பார்த்துவிட்டு மூடினால் பாதகமில்லை, 'சேமிக்கவா' என்று கேட்கும்போது ஆமாம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் போச்சு. திரையில் என்ன தெரிந்ததோ அதுவே கோப்பில் எழுதப்பட்டுவிடும், சுருங்கின எண் திரும்ப விரியாது. பதினாறு இலக்க எண் என்றால் இன்னும் மோசம், பதினைந்துக்கு மேல் எக்செல் நினைவில் வைக்காது, கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும்.

அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வங்கித் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் எக்செல் மாதிரியே வேலை செய்யும் இலவச லிப்ரே ஆபீஸில் திறங்கள். திறக்கும் முன் ஒவ்வொரு பத்தியையும் (மேலிருந்து கீழே ஓடும் வரிசையை) எப்படிப் படிக்கட்டும் என்று அதுவே ஒரு ஜன்னல் காட்டிக் கேட்கும். தேதிப் பத்திக்கு நாள்-மாதம்-வருடம், எண் பத்திக்கு வெறும் எழுத்து என்று சொல்லுங்கள். க்னூகேஷும் ஏற்றும்போது தேதி எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்கும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு 'அடுத்து, அடுத்து' என்று தட்டியிருப்பீர்கள்.

க்னூகேஷில் ஏற்றும் அந்த ஜன்னலில் வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. நம் வங்கிக் கோப்புகளில் முதல் பதினைந்து இருபது வரி பெயர், முகவரி, கிளை, அது இது என்று நிறைந்திருக்கும், கீழேயும் இரண்டு வரி 'இது கணினி அச்சிட்டது, கையெழுத்து தேவையில்லை' என்று இருக்கும். மேலே இத்தனை, கீழே இத்தனை விட்டுவிடு என்று எண்ணைக் கொடுக்கலாம். 1,25,000 என்று நம்மூர்க் காற்புள்ளி இருந்தால் அதை முன்பே எடுத்துவிடுவது நல்லது. பணம் வந்தது ஒரு பத்தி, போனது ஒரு பத்தி என்று இருக்கும் கோப்பு சுலபம். கார்டுக் கோப்பில் பெரும்பாலும் ஒரே பத்திதான், திரும்பி வந்த பணத்துக்கு மட்டும் பக்கத்தில் 'சி.ஆர்.' (கிரெடிட்) என்று குட்டியாக ஒட்டியிருப்பான். அதைக் கவனிக்காமல் ஏற்றினால் திருப்பி அனுப்பின சட்டைக்கு வந்த பணமும் செலவாகக் கூடிவிடும். இவ்வளவும் ஒரு தடவை செய்துவிட்டால் போதும், அந்த அமைப்பை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவைக்கலாம், அடுத்த மாதம் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஆச்சு.

இன்னொரு சங்கதி: சில வங்கிகள் எக்செல் என்று சொல்லித் தருகிற கோப்பு உண்மையில் எக்செல்லே இல்லை. உள்ளே வெறும் எழுத்துதான், வாலில் மட்டும் எக்செல் பெயர். ஏறவில்லை என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள், படிக்க முடிந்தால் அது சி.எஸ்.வி.யின் தம்பிதான்.

எம்.சி. ரோட்டில் சின்னதாக ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக் கணக்கைத் தனியாக எழுதுகிறேன். போன மாதம் 1 முதல் 31 வரை ஏற்றினேன். இந்த மாதம் ஞாபகமில்லாமல் 20-ஆம் தேதியிலிருந்து இறக்கி ஏற்றிவிட்டேன். பன்னிரண்டு நாள் வரவு செலவு இரட்டையாகிவிட்டது. ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதுதானா?
(ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

அழிக்க வேண்டாம் அண்ணே. ஏற்றுவதற்கு முந்தைய நகல் இருந்தால் அதைத் திறந்து மறுபடி ஏற்றுங்கள். க்னூகேஷ் சேமிக்கும்போதெல்லாம் பழைய நகலைத் தேதி நேரத்தோடு அதே அடைவில் வைத்திருக்கும், நீங்கள் எதையும் அழிக்காமல் இருந்தால் வழக்கமாக முப்பது நாள் வரை அங்கே கிடக்கும்.

இது ஏன் நடந்தது என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை பயமிருக்காது. கோப்பில் மூன்று ஜாதி உண்டு. ஓ.எஃப்.எக்ஸ். என்று ஒன்று, 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்டூயிட், செக்ஃப்ரீ என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு வரிக்கும் வங்கியே ஒரு தனி அடையாள எண் கொடுத்திருக்கும். அதே வரி மறுபடி வந்தால் மென்பொருள், 'இதைப் பார்த்தாச்சு' என்று தள்ளிவிடும். பத்துத் தடவை ஏற்றினாலும் இரட்டிக்காது. அதற்கும் முந்தையது க்யூ.ஐ.எஃப்., அதில் இந்த அடையாள எண் கிடையாது. சி.எஸ்.வி.யிலும் கிடையாது, அது வெறும் அட்டவணை. அதனால் அந்த இரண்டிலும் மென்பொருள் தொகை, தேதி, விவரம் மூன்றையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். நம்மூரில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.வி.யோ எக்செல்லோதான், என்ன செய்வது.

ஊகம் இரண்டு பக்கமும் தப்பும். ஒரே நாளில் ஒரே டீக்கடையில் காலையில் 15 ரூபாய், சாயங்காலம் 15 ரூபாய். இரண்டும் உண்மை. மென்பொருள் ஒன்றை இரட்டை என்று நினைத்துக் கழித்துவிடலாம். ஆகவே பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நான் தங்கசாலைத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிய காலத்தில், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேட்டில் எழுதினாலும் சரி, பிற்பாடு கணினியில் எழுதினாலும் சரி, முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்பார், "பேங்க் இருப்போட ஒத்துப்போச்சா?" ஒத்துப்போகவில்லை என்றால் சாப்பாட்டுக்குப் போக முடியாது. உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே கடைசிப் பத்தியில் ஓடும் இருப்பு இருக்கிறது. ஏற்றி முடித்ததும் 31-ஆம் தேதி வங்கி என்ன இருப்பு காட்டுகிறதோ அதுவே மென்பொருளிலும் இருக்க வேண்டும், பைசா பிசகாமல். இரட்டித்திருந்தாலும், விட்டுப்போயிருந்தாலும், தேதி புரண்டிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' ஞாபகம் வரும், பரீட்சையில் நம்மைப் பாடாய்ப் படுத்தியது இதற்காகத்தான்.

நான் சரிகட்டிப் பார்த்த ஒரு மாதத்தில் 590 ரூபாய் உதைத்தது. என் பக்கம் எல்லாம் சரி, கார்டுக்காரன் பக்கம் 590 கூடுதல். தேடினால், 'ஆயுள் முழுக்க இலவசம்' என்று சொல்லிக் கொடுத்த கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 90. போன் போட்டு, நாலு பேரிடம் மாற்றி மாற்றிப் பேசி, மறு மாதம் திரும்ப வாங்கினேன்.

யூ.பி.ஐ. வந்த பிறகு மாதம் முந்நூறு வரி. டீ, அத்தோ, ஷேர் ஆட்டோ, பூ. எல்லாவற்றுக்கும் வகை போட்டுக்கொண்டிருந்தால் வேலைக்கு எப்போது போவது?
(ஒரு வாசகி, ராயபுரம்)

போடாதீர்கள். 100 ரூபாய்க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் 'சில்லறைச் செலவு' என்று ஒரே கணக்கில் தள்ளுங்கள். ஏற்றும்போது வரும் அந்தப் பொருத்தம் பார்க்கும் பட்டியலில் பல வரிகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே எதிர்க்கணக்கைக் கொடுக்க முடியும்.

மீதியை மென்பொருளே கற்றுக்கொள்ளும். நீங்கள் போன மாதம் எந்தப் பெயருக்கு எந்தக் கணக்கைக் காட்டினீர்களோ அதிலுள்ள சொற்களை வைத்து இந்த மாதம் தானே ஊகித்துப் போடும். கரண்ட் பில், கேஸ், மெட்ரோ கார்டு இதெல்லாம் இரண்டாவது மாதத்திலேயே சரியாக விழும். ஆனால் நம் ஊர் யூ.பி.ஐ.யில் ஒரு தொல்லை, கடைப் பெயர் வராது, கடைக்காரரின் வீட்டுப் பெயர்தான் வரும். எனக்கு மீன் விற்கும் அம்மாவின் மகன் பெயரும் என் வீட்டு உரிமையாளர் பெயரும் ஒன்று. மென்பொருள் இரண்டு மாதம் மீன் விற்பவரைப் பார்த்துப் பழகியிருக்கிறது. மூன்றாவது மாதம் என் வாடகை மொத்தத்தையும் மீன் செலவில் போட்டுவிட்டது. சுறாவே வாங்கியிருந்தாலும் அவ்வளவு வராது. இதற்கு ஒரே மருந்து, பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் 'வாடகை' என்று ஒரு வார்த்தை தட்டுவது. எல்லா வங்கியும் இல்லாவிட்டாலும் பல வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் அந்த வார்த்தை வருகிறது.

எந்தக் கணக்கும் காட்டாமல் விட்ட வரிகள் 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கில் சேரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஒரு காத்திருப்பு அறைதான். ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து காலி செய்யுங்கள்.

ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் 'கிரெடிட்' என்று இருக்கிறது, மென்பொருளில் அதே பணம் 'டெபிட்' பக்கம் போகிறது. தலைகீழாக ஏறிவிட்டதா?
(ஒரு மாணவர், கொடுங்கையூர்)

இல்லை, சரியாகத்தான் ஏறியிருக்கிறது. ஸ்டேட்மென்ட் வங்கி எழுதியது. நீங்கள் போட்ட பணம் வங்கிக்குக் கடன், அவர்கள் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது, அதனால் அவர்கள் ஏட்டில் வரவு (கிரெடிட்). உங்கள் ஏட்டில் அது உங்கள் சொத்து, அதனால் பற்று (டெபிட்). ஒரே பணம்தான், எழுதுகிறவர் வேறு. 'வரவு' என்ற சொல் வீட்டில் வருமானம் என்றும், கணக்குப் பாடத்தில் கிரெடிட் என்றும் இரட்டை வேலை பார்ப்பதால் குழப்பம் கூடுகிறது. பரீட்சை எழுதாதவர்கள் இதை மறந்துவிட்டு, இருப்பு கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கார்டில் 'நோ காஸ்ட்' ஈ.எம்.ஐ.யில் 24,000 ரூபாய்க்குப் போன் வாங்கினேன். கோப்பை ஏற்றினால் ஒரு தடவை மொத்தமாகக் கழிகிறது, பிறகு திரும்பி வருகிறது, பிறகு மாதாமாதம் மூன்று வரி வருகிறது. தலை சுற்றுகிறது.
(ஒரு வாசகர், எண்ணூர்)

உங்கள் தாளிலேயே விடை இருக்கிறது. போன் விலை 24,000, மாதம் 4,000 வீதம் ஆறு மாதம். வட்டி இல்லை என்கிறார்களே தவிர வட்டி இருக்கிறது. அதற்குச் சமமான 950 ரூபாயைக் கடைக்காரர் முன்னாலேயே தள்ளுபடியாகக் கழித்துக்கொண்டார், அதனால் கார்டில் ஏறியது 23,050. வங்கி அதை ஈ.எம்.ஐ. ஆக்கியதும் 23,050-ஐத் திருப்பி வரவு வைத்துவிட்டு, மாதாமாதம் அசல் ஒரு வரி, வட்டி ஒரு வரி, வட்டிக்கு ஜி.எஸ்.டி. ஒரு வரி என்று கேட்கிறது. முதல் மாதம் அசல் 3,731, வட்டி 269, ஆக 4,000. ஜி.எஸ்.டி. 48 ரூபாய் 42 காசு அதற்கு மேலே. இந்தக் கடைசிதான் 'நோ காஸ்ட்'டின் காஸ்ட், யாரும் சொல்வதில்லை.

எழுதும் முறை: 'ஈ.எம்.ஐ. கடன்' என்று இன்னொரு கடன் கணக்கு திறங்கள். முதல் நாள் 23,050 போன் செலவு, கார்டிலிருந்து. திரும்பி வந்த 23,050 வரிக்கு எதிர்க்கணக்கு ஈ.எம்.ஐ. கடன், கடன் ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டுக்கு மாறியது. மாதாமாதம் அசல் வரிக்கும் எதிர்க்கணக்கு ஈ.எம்.ஐ. கடன்தான். வட்டியும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் செலவு. ஆறாம் மாதம் அந்தக் கணக்கு பூஜ்யமாக நிற்கும். நிற்கவில்லை என்றால் வங்கியைக் கேளுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெட் பேங்கிங் பாஸ்வேர்டைக் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும் என்று ஒரு ஆப் சொல்கிறது. கொடுக்கலாமா?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

கொடுக்காதீர்கள் ஐயா. யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பாஸ்வேர்டு என்பது பார்க்க மட்டுமல்ல, எடுக்கவும் சாவி. வங்கிக் கணக்கில் நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதியில், வாடிக்கையாளர் தானே ரகசிய விவரத்தைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குப் புகார் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் முழுதும் அவர் தலையில்தான் என்று எழுதியிருக்கிறது.

பாஸ்வேர்டு கேட்காத முறை ஒன்று சட்டப்படியே இருக்கிறது, 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' என்பார்கள். ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகளோடு நடைமுறைக்கு வந்தது. எந்த விவரம், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று உங்களிடம் சம்மதம் கேட்கும், வேண்டாம் என்றால் பிறகு ரத்தும் செய்யலாம். நடுவில் இருப்பவர் தபால்காரர் மாதிரி, உறையைக் கொண்டுபோவார், பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் உறையை வாங்கிக்கொள்ளும் இடம் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கவனிக்கும் செபி மாதிரி ஓர் அமைப்பின் கண்காணிப்பில் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் க்னூகேஷுக்கு நேராக வராது. க்னூகேஷில் 'வங்கியோடு நேரடி இணைப்பு' என்று ஒரு வசதி தெரியும், அதில் உள்ள எச்.பி.சி.ஐ. ஜெர்மனி வங்கிகளுக்கானது, அங்கே போய் நேரத்தைக் கொல்லாதீர்கள். மாதம் ஒரு தடவை நீங்களே உள்ளே போய்க் கோப்பை இறக்குங்கள், பத்து நிமிஷ வேலை.

2019-இலிருந்து எல்லா ஸ்டேட்மென்ட்டும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஏற்றட்டுமா?
(ஒரு வாசகர், திருவொற்றியூர்)

வேண்டாம். இந்த ஏப்ரல் முதல் தேதி இருப்பை 'ஆரம்ப இருப்பு' என்று போட்டு அங்கிருந்து தொடங்குங்கள். கார்டுக்கும் அன்றைக்கு எவ்வளவு பாக்கியோ அதைப் போட மறக்காதீர்கள், அதை விட்டுவிட்டு முதல் பில் கட்டியதும் கணக்கு உதைக்கிறது என்று எழுதியவர்கள் மூன்று பேர்.

எனக்கு மெயிலில் பூட்டுப் போட்ட பி.டி.எஃப். மட்டும்தான் வருகிறது. இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளத்தில் போட்டு எக்செல் ஆக்கிக்கொள்ளலாமா?
(ஒரு வாசகி, வியாசர்பாடி)

ஐயோ, முகம் தெரியாத தளத்தில் உங்கள் மொத்த ஜாதகத்தையும் ஏற்றுவதா? பெயர், முகவரி, கணக்கு எண், யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வரை அந்த ஒரு கோப்பில் இருக்கிறது. முதலில், மொபைல் ஆப்பை விட்டுவிட்டு ஒரு கணினியில் வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள், ஆப்பில் பி.டி.எஃப். மட்டும் தருகிற பல வங்கிகள் அங்கே சி.எஸ்.வி.யும் தருகின்றன. கார்டுக்கும் அப்படியே.

அதுவும் இல்லையென்றால் டேபுலா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பி.டி.எஃப்.பில் உள்ள அட்டவணையைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டினால் சி.எஸ்.வி.யாக எடுத்துக் கொடுக்கும், எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், வெளியே எங்கும் போகாது. வங்கி அனுப்பிய பி.டி.எஃப். ஆக இருக்க வேண்டும், பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதற்குப் படிக்க வராது. பூட்டைத் திறக்க, பாஸ்வேர்டு போட்டுத் திறந்து 'பிரின்ட்' கொடுத்து அதையே பி.டி.எஃப். ஆகச் சேமிக்கப் பாருங்கள், பெரும்பாலும் பூட்டில்லாத பிரதி கிடைத்துவிடும். விவரம் இரண்டு வரியாக மடிந்திருந்தால் டேபுலா அதை இரண்டு தனி வரியாக எடுக்கும், அதை மட்டும் கையால் ஒட்டுங்கள். ஏற்றி, இருப்பு ஒத்துப்போனதும், பூட்டில்லாத அந்தப் பிரதியை அழித்துவிடுங்கள், கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும்.